நாக்கு சார் வீட்டுக் கேக்

கேக்கில் கத்தி இறங்கவில்லை.

நாக்கு சார் சின்னக் கத்தியை வைத்துவிட்டுப் பெரிய கத்தியை எடுத்தார். அதுவும் மேலே ஒரு கோடு போட்டதோடு நின்றுவிட்டது. மேசையைச் சுற்றி மூன்று பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு வயதுப் பெரியவள், ஏழு வயதுச் சின்னவன், இருவருக்கும் பின்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அவர் மனைவி.

"என்னப்பா, வெட்ட வரலையா?" என்றான் சின்னவன்.

"வராம என்ன? மேல மொறுமொறுன்னு வந்திருக்கு, அதான் கத்தி யோசிக்குது." அவர் கேக்கைத் தூக்கி மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். ஓரம் உடைந்தது. "நீங்களே செஞ்சீங்களா, கண்ணுங்களா?"

பிள்ளைகள் அம்மாவைப் பார்த்தார்கள்.

"முதல்ல சாப்பிட்டுப் பாருங்க," என்றாள் மனைவி.

வாயில் போட்டார். கடைவாய்ப் பல் எதிர்ப்புத் தெரிவித்தது. பல் ஒருவழியாக விட்டுக்கொடுத்த பிறகு நாக்குக்குத் தகவல் வந்தது: சர்க்கரை போட வேண்டிய அளவுக்கு உப்பு, உப்பு போட வேண்டிய அளவுக்குச் சர்க்கரை. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"பிரமாதம்!" என்றார் நாக்கு சார். "என் ஆயுசுல இப்படி ஒரு கேக் சாப்பிட்டதே இல்லை."

இரண்டாவது வாக்கியம் முழு உண்மை. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னவன், "நிஜமாவாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். மனைவி மட்டும் நகராமல், "இன்னொரு துண்டு வைக்கட்டா?" என்றாள்.

நாக்கு சாருக்கு பிஸ்கட் கம்பெனியில் வேலை. ருசி பார்ப்பதுதான் வேலையே. அவர் தின்று தலையாட்டினால்தான் சரக்கு வண்டி ஏறும். வெண்ணெய் பழசா, பால்பவுடர் ஈரம் பட்டதா, அடுப்பில் எந்தப் பக்கம் சூடு கூடுதல் என்று ஒரே கடியில் சொல்லிவிடுவார். அதனால் காவலாளி முதல் முதலாளி அம்மா வரை எல்லோருக்கும் அவர் நாக்கு சார்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

இப்படி ஒரு நாக்கை வைத்துக்கொண்டு அடுத்தவர் சமையலைச் சாப்பிட முடியுமா? கல்யாணமான புதிதில் மனைவி வைத்த ஒரு சூப்பைப் பற்றி, அதைக் குடித்த நேரத்தைவிட அதிக நேரம் பேசினார். அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனவள்தான். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையில் போனால் மதியத்தோடு திரும்பிவிடுவாள். வீட்டுச் சமையல் முழுக்க அவர் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அவருக்குத்தான் ஒரு குறை. அடுப்படியில் எப்போதும் தனி. பால் பொங்கும்போதும் மாவு உப்பும்போதும், "இது ஏன்பா இப்படி ஆகுது?" என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கியிருக்கிறார். பிள்ளைகளோ போனும் பந்துமாக இருந்தார்கள். அடுப்படிக்குள் அவர்கள் வருவது தண்ணீர் குடிக்க மட்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி 'குட்டிக் கை' என்று ஒரு பெட்டியைத் தயாரித்தது. மாவு, சர்க்கரை, உப்பு, கோகோ எல்லாம் தனித்தனிப் பொட்டலம். கூடவே ஓர் அளவுக் கரண்டி. குழந்தைகளே அளந்து, கலந்து, கேக் செய்ய வேண்டும். ஓவன் பக்கத்தில் மட்டும் ஒரு பெரியவர் நின்றால் போதும்.

"குழந்தைங்களுக்கு ஆர்வம் வருமா, வந்தா நிக்குமா? முதலாளி அம்மா இதைத்தான் கேக்கறாங்க," என்றார் மேலாளர். "உங்க வீட்ல குடுத்துப் பாருங்க. நீங்க நிக்குதுன்னு சொன்னா மெஷின் ஓடும். நிக்கலைன்னா பெட்டியெல்லாம் குடோனுக்குப் போயிடும். உங்க வார்த்தைதான் சார்."

வேலைக்கு வேலை, ஆசைக்கு ஆசை. நாக்கு சார் பெட்டிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகிற வழியில் பெரியவளின் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்.

"குறை மட்டும் சொல்லிடாதீங்க," என்றார் டீச்சர். "அப்புறம் கரண்டியைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. திரும்ப வரவே மாட்டாங்க."

அப்படி யாராவது போவார்களா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இருந்தாலும் கேட்டுக்கொண்டார்.

ஆனால் ஒரு நாக்கு எவ்வளவு நேரம்தான் உண்மையை அடக்கிவைக்கும்? முதல் கேக்கைத் தின்ற சாயங்காலமே, பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போய்க் கொட்டிவிட்டார்.

"கேக்கா அது? அதை வெச்சுச் சுவர் கட்டலாம். அந்த உப்பை நினைச்சா இன்னும் தாகம் அடங்கலை."

மனைவியின் கையிலிருந்த துணி கிளிப் கீழே விழுந்தது. "அவ்வளவு மோசமாவா?"

"மாவைப் போட்டுப் பிசைபிசைன்னு பிசைஞ்சிருக்காங்க. கேக்கு மாவை அப்படி அடிக்கக் கூடாது. லேசாக் கலந்தாப் போதும்."

"லேசான்னா எவ்வளவு லேசு?" அவள் முழுதாக அவர் பக்கம் திரும்பிவிட்டாள். "கட்டி கட்டியா இருந்தாலும் விட்டுடலாமா?"

பெற்ற பிள்ளைகள் செய்ததைப் பற்றி எவ்வளவு அக்கறை என்று நாக்கு சார் நெகிழ்ந்துபோனார். விளக்கமாகச் சொன்னார். கடைசியில், "பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாதே, தாயே. ஆர்வம் போயிடும்," என்று கேட்டுக்கொண்டார்.

"நான் ஏன் அவங்ககிட்ட சொல்லப்போறேன்?" என்றாள் மனைவி.

அடுத்த கேக்குக்குக் கத்தியே தேவைப்படவில்லை. கரண்டியால் மொண்டு சாப்பிட வேண்டியிருந்தது. ஆனால் அதில் ஒரு பொட்டு உப்பு இல்லை, மாவை அடித்த அடையாளமும் இல்லை. நாக்கு சார் மொண்ட கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி யோசித்தார். 'உப்பு அதிகம் என்று நான் சொல்லவே இல்லையே. பிரமாதம் என்றுதானே சொன்னேன். இதுகளுக்கு எப்படித் தெரிந்தது?'

"பிரமாதம்!" என்றார் வழக்கம்போல. பால்கனிக்குப் போய், "இன்னிக்குக் குடிச்சது கேக்கா கஞ்சியா?" என்றார்.

"எதனால அப்படி ஆச்சு?" என்றாள் மனைவி.

"பால் கூடிப்போச்சு. ஓவன்ல வேகவும் விடலை, பொறுமையில்லாம எடுத்திருக்காங்க."

அடுத்தது நன்றாகவே வெந்திருந்தது. வெந்து, கறுத்து, சமையலறை முழுக்கப் புகை. ஆனால் பால் அளவு கச்சிதம். நாக்கு சார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் எதைப் பால்கனியில் சொன்னாலும், அடுத்த கேக்கில் அது திருந்திவிடுகிறது. திருந்திய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கெட்டுவிடுகிறது, அது வேறு விஷயம்.

"நீ பசங்ககிட்ட ஏதாவது சொன்னியா?"

"சத்தியமா ஒரு வார்த்தை சொல்லலைங்க," என்றாள் மனைவி. முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாக இல்லை.

அப்படியானால் ஒட்டுக் கேட்கிறார்களா? பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசிப் பார்த்தார். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிப் பார்த்தார். பிள்ளைகள் கீழே தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பேசிப் பார்த்தார். எப்படிப் பேசினாலும் மறுநாள் கேக் திருந்தி வந்தது.

ஒருநாள் பாதி வேலையில் கிளம்பி வீட்டுக்கு வந்து, கையும் களவுமாகப் பார்த்துவிடுவது என்று சமையலறைக் கதவைத் தட்டினார். மனைவி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். மூக்குக்கண்ணாடி முழுக்க மாவு.

"என்ன அதுக்குள்ள வந்துட்டீங்க? உள்ள வரக் கூடாது. பாத்துட்டா என்ன ஆச்சரியம் இருக்கு?"

"பசங்க எங்க? கீழ சத்தம் கேக்குதே?"

"கேக் ஓவன்ல இருக்கு. அது வேகற வரைக்கும் இங்கேயே நிக்கணுமா என்ன? ஓவன்கிட்ட பெரியவங்க ஒருத்தர் நிக்கணும்னு உங்க பெட்டியிலதானே போட்டிருக்கு?"

நியாயமான பதில். பாவம், பிள்ளைகளுக்காக இவள் எவ்வளவு நேரம் அனலில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஆனாலும் மண்டைக் குடைச்சல் விடவில்லை. கடைசியாக ஒரு சோதனை வைத்தார். பேருந்து நிறுத்தத்தில், வண்டிகள் இரைகிற சத்தத்தில், மனைவியின் காதோரம் சொன்னார்: "அந்தக் கேக்ல கொஞ்சம் ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டா எங்கயோ போயிடும்."

அன்று சாயங்காலம் வந்த கேக்கில் ஆரஞ்சுத் தோலைத் தவிர வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கசப்பு காதுவரை ஏறியது. நாக்கு சார் மென்றுகொண்டே ஆனந்தக் கண்ணீர் விட்டார். இனி சந்தேகமே இல்லை. அவர் மனதில் நினைப்பது பிள்ளைகளின் நாக்குக்குத் தானாகத் தெரிகிறது. ரத்தம், பரம்பரை, தன் நாக்கு அப்படியே இறங்கியிருக்கிறது.

"இதுங்க சாதாரணக் குழந்தைங்க இல்லைம்மா!" என்றார் பால்கனியில். "ஆனா இன்னிக்கு இதைச் செஞ்ச ஆள் கையில கிடைச்சா, மாவுப் பக்கமே போகக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருப்பேன்."

மனைவி ஈரத் துணியை அவர் தோளிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. தாய்ப் பாசம், தாங்க முடியாதுதான் என்று அவர் விட்டுவிட்டார்.

இதற்கிடையில் மேலாளர் மாதிரிக்கு ஒரு துண்டு கேட்டிருந்தார். நாக்கு சார் வீட்டில் மிஞ்சியிருந்த முதல் கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது கெடவும் இல்லை, பூஞ்சை பிடிக்கவும் இல்லை. மேலாளர் ஆசையாகக் கடித்தார். டக்கென்று ஒரு சத்தம். அவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பல் டாக்டரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது, ஆனால் முகத்தில் பெரிய மகிழ்ச்சி.

"சார், இது சத்தியமா குழந்தைங்க செஞ்சதுதான். பெரியவங்க யாரும் இப்படிச் செய்யவே முடியாது. இன்னும் செய்யறாங்களா?"

"விடறதே இல்லை. தினமும் தப்பைத் தானே கண்டுபிடிச்சுத் திருத்திக்கறாங்க."

"தானேவா?"

"தானே! நான் வாயே திறக்கலை."

மேலாளர் அதை முதலாளி அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொன்னார். முதலாளி அம்மா அதைவிடக் கூட்டிப் புரிந்துகொண்டார். அப்படிப்பட்ட குழந்தைகளைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், கம்பெனி சமையலறையில் எல்லோர் முன்னாலும் அவர்கள் ஒரு கேக் செய்து காட்ட வேண்டும், அன்றே மெஷினை ஓட்டிவிடலாம் என்று சொல்லியனுப்பினார்.

வீட்டில் இதைச் சொன்னதும் பெரியவள் வெலவெலத்துப் போனாள். "நாங்களாப்பா? எல்லார் முன்னாடியுமா?"

"எனக்குக் காய்ச்சல் வரப்போகுது," என்றான் சின்னவன்.

"ஏங்க, குழந்தைங்களை எதுக்குங்க இப்படி?" என்றாள் மனைவி. "வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

"கூச்சம். முதல் தடவை அப்படித்தான் இருக்கும்," என்றார் நாக்கு சார்.

கம்பெனியில் செய்து காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வந்த கேக்கை அவர் என்றும் மறக்கமாட்டார். கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. வாயில் போட்டார். இன்னொரு துண்டு போட்டார். 'பிரமாதம்' என்று சொல்ல வாயைத் திறந்தவர், சொல்ல மறந்து மூன்றாவது துண்டை எடுத்தார்.

பால்கனியில் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் சொல்லலையே?"

"என்னத்தைச் சொல்ல? தேடித் தேடிப் பாத்துட்டேன். குறை கிடைக்கலை."

மனைவி அந்தப் பக்கம் திரும்பி, காயப்போட்ட துணியையே எடுத்து மறுபடி காயப்போட்டாள். "உங்களுக்கா கிடைக்கலை?" என்று கேட்டபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் கம்பெனி சமையலறை. பளபளவென்று துடைத்த மேசை, ஓவன், பிரித்துவைத்த 'குட்டிக் கை' பெட்டி. எதிரே முதலாளி அம்மா, பக்கத்தில் கன்னத்தைப் பிடித்தபடி மேலாளர், சுற்றிலும் ஊழியர்கள். ஓரமாக மனைவி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாக்கு சார் முந்தின நாள் கேக்கில் மிஞ்சியதை ஒரு டப்பாவில் வைத்து மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"ஆரம்பிங்க, செல்லங்களா," என்றார் முதலாளி அம்மா.

பெரியவள் மாவுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பாதி மேசையில், பாதி தரையில். அளவுக் கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். சின்னவன் ஒரு முட்டையை எடுத்து, நகத்தால் சுரண்டி உரிக்க ஆரம்பித்தான்.

கூட்டத்தில் ஒருவர் இருமினார்.

"பயந்துட்டாங்க," என்றார் நாக்கு சார் அவசரமாக. "கூட்டத்தைப் பாத்து எல்லாம் மறந்துபோச்சு. வீட்ல கண்ணை மூடிக்கிட்டு உடைப்பாங்க."

முட்டை உடைந்தது. மேலாளரின் சட்டை மேல் உடைந்தது. பெரியவள் ஓவனின் ஏதோ ஒரு பட்டனை அழுத்த, உள்ளே விளக்கு எரிந்தது. அவள் அதைப் பார்த்து, "ஐ, லைட்டு!" என்று ஆச்சரியப்பட்டாள்.

முதலாளி அம்மாவின் புருவம் உயர்ந்தது. "நாக்கு சார், இவங்களா தினமும் கேக் செஞ்சது?"

எத்தனையோ சரக்கு வண்டிகள் அவர் வார்த்தையை நம்பி ஏறியிருக்கின்றன. அந்த வார்த்தைக்கு இன்று என்ன மதிப்பு? அதைவிட, தன் பிள்ளைகளை இத்தனை பேர் சிரிப்போடு பார்ப்பதை அவரால் தாங்கமுடியவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

"மேடம், இதைச் சாப்பிட்டுப் பாருங்க. நேத்து வீட்ல செஞ்சது."

முதலாளி அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு இன்னொரு வாய் சாப்பிட்டார். மேலாளர் பயந்து பயந்து முன்பல்லால் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப உண்மையைச் சொல்லிடறேன்," என்றார் நாக்கு சார். "முதல்ல செஞ்சதெல்லாம் வாயில வைக்க முடியாது மேடம். ஒண்ணு செங்கல். ஒண்ணு கஞ்சி. ஒண்ணு கரி. ஆரஞ்சு கேக்கை நினைச்சா இப்பவும் உடம்பு நடுங்குது. பிரமாதம், பிரமாதம்னு மனசறிஞ்சு பொய் சொன்னேன். ஆனா ஒரு நாள் விடலை! கெடக் கெட மறுபடி கலந்து, மறுபடி வேகவெச்சு, நேத்து இதைக் கொண்டுவந்து வெச்சாங்க. இத்தனை வருஷமா ருசி பாக்கறேன், இப்படி ஒரு பிடிவாதத்தை நான் பாத்ததில்லை. இதைச் செஞ்ச கையோட ஆயுசு முழுக்க ஒரே அடுப்படியில நிக்க ஆசைப்படறேன்."

ஓரத்தில் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி அம்மாவும் கொஞ்சம் கலங்கிவிட்டார்.

மேலாளர் சட்டையிலிருந்த முட்டையைத் துடைத்தபடி சின்னவன் பக்கம் குனிந்தார். "கேட்டியாடா கண்ணு, அப்பா எவ்வளவு பெருமையாச் சொல்றாரு! உங்க ரெண்டு பேர்ல யாரு இந்தக் கேக்கைச் செஞ்சது?"

சின்னவன் கையிலிருந்த முட்டை ஓட்டைக் கீழே போட்டான்.

"நாங்க முதல் நாளே போரடிச்சு விளையாடப் போயிட்டோம் அங்கிள், எல்லாமே அம்மா செஞ்சதுதான், அப்பா எங்ககிட்ட பொய் சொல்லிட்டு அம்மாகிட்ட மட்டும்தான் நிஜத்தைச் சொல்றாராம்!"